குடிநீர்க் குழாய்க் கசிவு: பள்ளத்தை மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமிக்கடியில் செல்லும் குடிநீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டுத் தண்ணீர் வீணாகிறது என்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. சாலையில் ஓடும் தண்ணீரின் படமும், பல நாட்களாக யாரும் கவனிக்கவில்லை என்ற மக்களின் புகாரும், விரைவில் சரிசெய்யப்படும் என்ற அதிகாரியின் பதிலும் அதில் இருக்கும். பிறகு ஒருநாள், கசிவு அடைக்கப்பட்டது என்ற ஒற்றை வரியோடு அந்தச் செய்தி முடிந்துவிடும். அந்தக் குழாய் எப்படித் திறக்கப்பட்டது, எதைக் கொண்டு அடைக்கப்பட்டது, மறுபடி தண்ணீர் விடுவதற்கு முன் என்ன செய்யப்பட்டது என்பதை யாரும் கேட்பதில்லை. குடிநீர்க் குழாய்ப் பராமரிப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், மக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதாம் என்று கருதுகிறேன். மண்ணுக்குள் இருக்கும் குழாயைத் திறந்து மூடும் அந்தச் சில மணி நேரம் ஒரு பகுதியின் குடிநீருக்கு மிகவும் ஆபத்தான நேரம். ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்த வேலை ஒரு சாலைப் பள்ளத்தை மூடும் வேலையாகவே நடக்கிறது.

வீணாகும் தண்ணீரின் அளவு சிறியதன்று. 20 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து கிடைக்கும் அளவுக்கு அழுத்தமுள்ள ஒரு குழாயில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை விழுந்தால், அதன் வழியே மணிக்கு ஏறக்குறைய 1,200 லிட்டர் வெளியேறும். நாள் முழுவதும் அழுத்தம் இருக்கும் குழாயானால் அது ஒரு நாளைக்கு 29,000 லிட்டர். ஒருவருக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 290 பேருக்குரிய தண்ணீர். வளரும் நாடுகளில் பகிர்மானக் குழாய்களிலிருந்து கசிந்துபோகும் நீர் நாளொன்றுக்கு 4.5 கோடி கன மீட்டர் என்றும், அது ஏறத்தாழ 20 கோடி மக்களுக்குப் போதுமானது என்றும் 2006ஆம் ஆண்டில் உலக வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கை மதிப்பிட்டது. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவது. அதனால் அதைப் பற்றிப் பேசுகிறோம். அதே துளை வழியாக உள்ளே போவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே வரும். அழுத்தம் போனவுடன், குழாயைச் சுற்றி ஈர மண்ணில் தேங்கியிருக்கும் நீர் அதே துளை வழியாக உள்ளே இறங்கும். குறிப்பிட்ட நேரம் மட்டுமே தண்ணீர் விடப்படும் ஊர்களில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. குழாயின் அருகிலேயே பாதாளச் சாக்கடையோ, கழிவுநீர்த் தொட்டியோ, மழைநீர் வடிகாலோ இருந்தால் உள்ளே போவது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. வீட்டிணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவோர் இந்த ஆபத்தைப் பெருக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குழாயில் நீர் குறைவாக இருக்கும்போது மோட்டார் இழுக்கும் இழுப்பில் வெற்றிடம் உண்டாகி, தெருவில் எங்கெங்கு ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் அழுக்கு நீர் இழுக்கப்படுகிறது. கலங்கல் தண்ணீர் வருகிறது என்று முதலில் புகார் சொல்பவர் அநேகமாகத் தெருவின் கடைசி வீட்டுக்காரராக இருப்பார். காரணமோ நடுத்தெருவில் இருக்கும்.

ஆகவே கசிவை விரைந்து அடைக்க வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் விரைவு என்பதற்காக ஈரம் தெரியும் இடத்திலேயே கடப்பாரையைப் போடுவது, வீண் செலவுக்கும் புதிய உடைப்புக்கும் வழி வகுக்கும். தண்ணீர் தனக்கு எளிதான வழியில் போகும். குழாய் பதித்தபோது நிரப்பிய மணலின் வழியாகவும், சாலைக்கடியில் உள்ள சரளைக் கல் அடுக்கின் வழியாகவும் பல மீட்டர் தூரம் ஓடிப் பள்ளமான இடத்தில் மேலே வரும். சில கசிவுகள் மேலே வருவதே இல்லை. பக்கத்துச் சாக்கடைக்குள் இறங்கி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நள்ளிரவுக்குப் பின் மான்ஹோல் மூடியைத் திறந்து பார்க்கும்போது தெளிந்த நீர் சீராக ஓடினால், அருகில் எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க நல்ல முறைகள் நெடுங்காலமாகவே உள்ளன. ஊர் உறங்கும் பின்னிரவில், ஒரு பகுதிக்குள் செல்லும் நீரை மீட்டரில் அளந்தால், மக்கள் பயன்பாடு மிகக் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில் ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவாகவே இருக்கும். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தால், எந்த வால்வை மூடும்போது ஓட்டம் சட்டென்று குறைகிறதோ அந்தத் துண்டில்தான் கோளாறு இருக்கிறது. பிறகு காது வேலை செய்ய வேண்டும். அழுத்தத்தோடு வெளியேறும் நீர் சீறும். அந்தச் சீற்றம் இரும்புக் குழாயில் வெகுதூரம் கேட்கும். வால்வுத் தண்டின் மீது ஓர் இரும்புக் கம்பியை வைத்து மறுமுனையைக் காதில் பொருத்திக் கேட்டே இடத்தைச் சொல்லும் திறமையுள்ள ஃபிட்டர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். இப்போது அதே வேலையைத் தரையில் வைக்கும் ஒலிவாங்கியும், குழாயின் இரண்டு இடங்களில் உணரிகளைப் பொருத்தி ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் கருவியும் செய்கின்றன. பிளாஸ்டிக் குழாயில் ஒலி சிறிது தூரத்திலேயே மங்கிவிடுவதால் உணரிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். தேங்கிய நீர் குடிநீரா, ஊற்று நீரா என்ற ஐயம் எழுந்தால் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் குடிநீர்தான், ஆனால் மண்ணில் ஊறும்போதே குளோரின் தீர்ந்துபோகும் என்பதால், இல்லாததை வைத்து மட்டும் குடிநீரன்று என்று முடிவுசெய்யக் கூடாது.

இனி நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். பழுது பார்க்கப் போகும் குழு வழக்கமாக முதலில் செய்வது வால்வை முழுவதுமாக மூடுவது. பள்ளம் தோண்டும்போது தண்ணீர் பீறிட்டு அடிக்காது, வேலை எளிது என்பது அதற்கான காரணம். ஆனால் அந்த நேரத்தில் உடைந்த குழாயைச் சுற்றிலும் சேறும் நீரும் நிறைந்திருக்கின்றன. வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் நீர் தாழ்வான வீடுகளின் வழியே வடிந்துபோக, பள்ளத்துச் சேற்று நீர் முழுவதும் குழாய்க்குள் புகுந்துவிடுகிறது. முறையான வழி வேறு. உடைப்பு மிகப் பெரியதாக இல்லாவிட்டால், வால்வைப் பெரும்பகுதி மூடி, சிறிதளவு அழுத்தம் மட்டும் குழாய்க்குள் எப்போதும் இருக்குமாறு விட்டு, நீர் வெளிநோக்கியே கசிந்துகொண்டிருக்கும் நிலையில் தோண்ட வேண்டும். குழாய்க்குக் கீழே இன்னும் ஓர் அடியாவது ஆழப்படுத்தி, அங்கே பம்பை இறக்கி, பள்ளத்து நீரின் மட்டம் குழாயின் அடிப்பாகத்துக்குக் கீழே போன பிறகுதான் வால்வை முழுவதும் மூட வேண்டும். அதற்கு முன்னதாக அந்தத் தெருவினருக்குச் சொல்லி, மோட்டார் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு பம்பும் சிறிது பொறுமையும் மட்டுமே. சிறு கசிவாக இருந்தால், அழுத்தத்தைக் குறைத்த நிலையிலேயே, குழாயைச் சுற்றி இறுக்கும் பட்டையான கிளாம்பைப் பொருத்தி, நீரை முற்றிலும் நிறுத்தாமலே வேலையை முடித்துவிடலாம். அழுக்கு உள்ளே போக வாய்ப்பே இல்லாத முறை அது.

பள்ளத்தில் இறங்குபவரின் உயிரைப் பற்றியும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். கசிவால் ஊறிப்போன மண் எந்த நேரத்திலும் சரியும். ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. பள்ளம் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால், பக்கங்களில் பலகை அடித்து முட்டுக் கொடுக்காமல் எவரையும் இறக்கக் கூடாது. அதே மண்ணில் மின்கம்பியும் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

அடைக்கும் முறையைப் பற்றிப் பேசினால், சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது இன்றும் நடக்கிறது. அன்று மாலை தண்ணீர் நிற்கும். ரப்பர் தளர்ந்ததும் அதே இடத்தில் மறுபடி ஒழுகும். இதற்கிடையில் மேலே சாலை போடப்பட்டிருக்கும், அதை மீண்டும் உடைக்க வேண்டும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பள்ளம் தோண்டப்படுவதைக் கண்டு மக்கள் கோபப்படுவது நியாயமே. இரும்புக் குழாயில் சிறு துளையோ குறுக்கு விரிசலோ இருந்தால் குழாயை முழுச் சுற்றும் தழுவிப் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் போதும். நீளவாக்கில் பிளந்திருந்தால் கிளாம்ப் உதவாது. பிளவின் இரு முனைகளுக்கும் அப்பால் வெட்டி எடுத்துவிட்டு, புதிய துண்டை வைத்து இருபுறமும் கப்ளிங் என்னும் இணைப்பு உறையைப் போட வேண்டும். வெட்டும் இடத்தில் குழாயின் வெளிவிட்டத்தை அளக்காமல் கிடங்கிலிருந்து கிடைத்ததை எடுத்து வந்து, பொருந்தாமல் சணலைத் திணித்து இறுக்கும் வேலையைவிட, அரைநாள் தாமதித்துச் சரியான கப்ளிங் வாங்கி வருவது எல்லோருக்கும் நல்லது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்களை வேகமாகச் சுழலும் ரம்பத்தால் உலர்ந்த நிலையில் அறுப்பதை உடனே நிறுத்த வேண்டும். அதிலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். நன்றாக நனைத்து, கைக்கருவியால் மட்டுமே வெட்ட வேண்டும்.

கசிவுகளில் எண்ணிக்கையில் மிகுதியானவை பிரதானக் குழாயில் ஏற்படுவதில்லை. பிரதானக் குழாயிலிருந்து வீட்டிணைப்பு பிரியும் இடத்தில் பொருத்தும் ஃபெரூல் என்னும் இணைப்பு உறுப்பிலும், அங்கிருந்து மீட்டர்வரை வரும் மெல்லிய குழாயிலும்தான் அவை இருக்கின்றன. பெரிய உடைப்பு தெருவை நனைத்து அன்றே ஆளை வரவழைக்கும். ஃபெரூல் கசிவோ யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் ஓடி, மொத்தத்தில் அதைவிட அதிகமான நீரைக் கொண்டுபோகும். பழைய இணைப்பைத் துண்டிக்கும்போது வீட்டு வாசலில் மூடிவிட்டு, ஃபெரூலை அப்படியே விட்டுச் செல்லும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். துண்டிப்பு என்றால் பிரதானக் குழாயிலேயே துண்டிக்க வேண்டும்.

பள்ளத்தில் வைக்கும் ஒவ்வொரு பொருளும் குடிநீரைத் தொடப் போகிறது. கிளாம்பின் உட்புறம், புதிய குழாய்த் துண்டு, வெட்டப்பட்ட பழைய குழாயின் வாய் ஆகிய அனைத்தையும் சுத்தமாகத் துடைத்து, 1 சதவீத குளோரின் கரைசலால் நனைக்க வேண்டும் என்பது குடிநீர்ப் பணியில் பல இடங்களில் பின்பற்றப்படும் விதி. 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 33 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளிய வைத்தால் அந்தக் கரைசல் கிடைத்துவிடும். ஒரு வாளியும் ஒரு தூரிகையும் போதுமான இந்த வேலை, நான் அறிந்தவரை, மிகுதியாகக் கைவிடப்படும் வேலையாக இருக்கிறது.

இதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கபூல் என்னும் சிற்றூரில், 1989 டிசம்பர் - 1990 ஜனவரி குளிர்காலத்தில், இரண்டு பிரதானக் குழாய்கள் உடைந்தன. பல வீடுகளில் மீட்டர்களும் மாற்றப்பட்டன. அந்த ஊரின் நிலத்தடி நீர் குளோரின் சேர்க்கப்படாமலே வழங்கப்பட்டு வந்தது. பழுதுபார்க்கும்போது கழிவுநீர் கலந்ததாகக் கருதப்பட்ட அந்த நீரால், கொடிய ஈ.கோலை கிருமி பரவி 243 பேர் நோயுற்றனர். 4 பேர் இறந்தனர். குழாய்கள் அடைக்கப்பட்டுவிட்டன, வேலை முடிந்துவிட்டது என்றுதான் அங்கும் நினைத்திருப்பார்கள்.

அடைத்த பிறகு குழாயின் அடியில் மணலைக் கெட்டித்து, கல் எதுவும் குழாயைத் தொடாதபடி பார்த்து, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். உடைத்தெடுத்த தார்க் கட்டிகளையும் கான்கிரீட் துண்டுகளையும் அப்படியே தள்ளி மூடினால், மேலே போகும் முதல் லாரியின் பாரம் அந்தக் கல் வழியாகக் குழாயின் ஒரே புள்ளியில் இறங்கும். அடுத்த உடைப்பு அங்கேதான்.

வால்வைத் திறப்பதில் காட்டப்படும் அவசரம் இன்னொரு கேடு. ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினாலோ, காலியான குழாயில் நீரை வேகமாக விட்டாலோ அழுத்த அலை உண்டாகிறது. இதன் கணக்கை ரஷ்ய அறிஞர் நிக்கலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898இல் வெளியிட்டார். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இரும்புக் குழாயில் ஓடும் நீரை ஒரே கணத்தில் நிறுத்தினால், ஏறக்குறைய 100 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான கூடுதல் அழுத்தம் எழும். நம் தெருக் குழாய்களில் வழக்கமாக உள்ள அழுத்தத்தைப்போல் அது பல மடங்கு. ஓர் இடத்தில் அடைத்ததும் சிறிது தூரத்தில் புதிதாக உடைகிறது, குழாயே உளுத்துவிட்டது என்று அலுத்துக்கொள்வார்கள். உளுத்திருக்கலாம்; ஆனால் வால்வை ஒரே மூச்சில் சுழற்றித் திறந்த கையும் அதற்கொரு காரணமாக இருக்கலாம். வால்வை மெல்லத் திறந்து, காற்று வால்வின் வழியே காற்று முழுவதும் வெளியேறும்வரை காத்திருந்து, பிறகு கடைக்கோடியில் உள்ள கழுவு வால்வைத் திறந்துவிட்டு, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை குழாயைக் கழுவ வேண்டும். அந்த நீரும் வீண்தானே என்று கேட்கிறார்கள். அந்த நீர் வீட்டுத் தொட்டிகளுக்குள் போவதைவிடச் சாக்கடைக்குப் போவது மேல்.

அதற்குப் பிறகு தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரினை அளக்க வேண்டும். லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளக்கும் சோதனைப் பெட்டியைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லலாம். முடிவு சில நிமிடங்களில் தெரியும். குளோரின் இருந்தால் மட்டும் போதாது என்பதால், கிருமிச் சோதனைக்கும் ஒரு மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். அதன் முடிவு வர ஒரு நாளுக்கு மேலாகும். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று அந்தத் தெருவினருக்குச் சொல்வதில் நிர்வாகத்துக்கு எந்த அவமானமும் இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

ஒவ்வொரு பழுதின் விவரமும் எழுதி வைக்கப்பட வேண்டும்: குழாய் எதனால் ஆனது, விட்டம் என்ன, எந்த ஆழத்தில் இருந்தது, எப்படி உடைந்திருந்தது, எதைக் கொண்டு அடைக்கப்பட்டது என்பவை. வெட்டியெடுத்த துண்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். உட்புறத்தில் துரு தின்றதா, வெளியே மண் அரித்ததா, மேல் பாரத்தால் ஒடிந்ததா என்பதை அந்தத் துண்டே சொல்லும். இந்தப் பதிவுகள் ஓரிரு ஆண்டு சேர்ந்தால், எந்தத் தெருவில் இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, குழாயையே மாற்ற வேண்டும் என்பது தெளிவாகிவிடும். இப்போது அந்த முடிவு, யார் அதிகமாகக் குரல் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எடுக்கப்படுகிறது.

இவையெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் கைகூடும் என்பாருக்கு, போரால் சிதைந்து கிடந்த கம்போடியாவின் தலைநகர் நாம்பென்னைக் காட்டலாம். 1993இல் அங்கு வழங்கப்பட்ட நீரில் 72 சதவீதம் கசிவாலும் திருட்டாலும் கணக்கில் வராமல் போயிற்று. குடிநீர் நிர்வாகத்தின் தலைவர் ஏக் சோன் சான் காலத்தில் மீட்டர் பொருத்தி, பகுதிகளைப் பிரித்து அளந்து, ஊழியரைப் பயிற்றி, பழைய குழாய்களை மாற்றி, அந்த இழப்பை 6 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தார்கள்; இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வந்தது. அவருக்கு 2006இல் மகசேசே விருது கிடைத்தது. நாள் முழுவதும் குழாயில் அழுத்தம் இருந்தால் வெளி அழுக்கு உள்ளே வர வழியில்லை என்பதால், அந்த வெற்றியில் சுகாதாரமும் அடங்கியிருந்தது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். குழாய்க் கசிவு பற்றிய செய்தியை வெளியிட்ட பிறகு, அது அடைக்கப்பட்டதும் தங்கள் செய்தியாளர் மறுபடி அந்தத் தெருவுக்குச் சென்று, பள்ளத்து நீர் இறைக்கப்பட்ட பின்தான் வால்வு மூடப்பட்டதா, குளோரின் கரைசல் பயன்படுத்தப்பட்டதா, கடைசி வீட்டில் எஞ்சிய குளோரின் எவ்வளவு, கிருமிச் சோதனை முடிவு என்ன என்று கேட்டு, கிடைக்கும் பதிலை, பதில் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியையும், வெளியிட வேண்டும். குடிநீர் நிர்வாகங்களும் கேட்கும்வரை காத்திராமல், பழுதுபார்த்த ஒவ்வொரு தெருவிலும் இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டலாம். வாசகர்கள், தங்கள் தெருவில் சிறு ஈரம் தெரிந்தாலும் புகார் அளித்து அதன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவும், வேலை நடக்கும் நாளில் மோட்டாரை நிறுத்தி வைக்கவும், அன்று வரும் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விடவும் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடிநீர் வழங்கல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்